அந்தக் கட்டங்களை நிறுத்தத்தான் வேண்டுமா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் பேசிப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர்கள் இரண்டு தடவையாகப் படியுங்கள்.

நம் 1996 எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சச்சரவு நடக்கிறது. தினமும் காலையில் ஏழெட்டுப் பேர் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகச் சின்னச் சின்னக் கட்டங்களைப் போடுகிறார்கள். அதில் எழுத்து கிடையாது, வணக்கம் கிடையாது. "என்ன டீச்சர் இது, வீட்டுக்குத் தரை போட சாம்பிள் அனுப்புறாங்களா?" என்று ஒருவன் என்னிடமே கேட்டான். போன வாரம் அது முற்றி, இனிமேல் குழுவில் கட்டம் போடக் கூடாது என்று விதி கொண்டுவர ஓட்டெடுப்பு வைத்துவிட்டார்கள். ஞாயிறு இரவு முடிகிறது. எங்கள் குடும்பக் குழுவிலும் இதே புகார்தான். அங்கே என் தம்பி மகள் கட்டம் போட, என் கொழுந்தனார் அதற்கு எதிரில் கும்பிடு போடுகிறார். இரண்டு குழுவிலும் நான் அட்மின். "உங்க ஓட்டு எதுக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். இரண்டு கூட்டமும் முகநூலில் இருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அது என்னவென்று சொல்கிறேன். வேர்டில் என்பது ஓர் ஆங்கிலச் சொல் விளையாட்டு. ஐந்தெழுத்துச் சொல் ஒன்று ஒளிந்திருக்கும். ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் ஏதாவது ஒரு சொல்லை எழுதினால், சரியான இடத்தில் இருக்கும் எழுத்து பச்சையாகும். சொல்லில் இருக்கிறது, ஆனால் இடம் மாறியிருக்கிறது என்றால் மஞ்சள். இல்லவே இல்லாத எழுத்து சாம்பல் நிறம். அதை வைத்து அடுத்த சொல், அடுத்த சொல் என்று நெருங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே சொல். முடித்தவர்கள், விடையைக் காட்டாமல், தாங்கள் போன வழியின் நிறங்களை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்பலாம். அதுதான் நீங்கள் பார்க்கிற கட்டம்.

இதைச் செய்தவர் ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் குடிபோனவர். தன் பெயரையே லேசாகத் திருகி விளையாட்டுக்கு வைத்துவிட்டார். கொரோனாக் காலத்தில் அவரும் அவருடைய துணைவி பாலக் ஷாவும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் சொற்புதிர்களில் மூழ்கியிருந்தார்களாம். அந்த அம்மாவுக்காகத்தான் இதைச் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000 இருக்கின்றன. பாதிக்கு மேல் யாரும் கேள்விப்படாதவை. பாலக் ஷா உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது எனக்குத் தெரியும், இது தெரியாது என்று பிரித்து, சுமார் 2,500 சொற்களாகக் குறைத்தார். எல்லாரும் வார்டிலைப் பாராட்டுகிறார்கள். வினாத்தாள் தயாரித்துப் பழகியவள் என்ற முறையில் நான் அந்த அம்மாவைத்தான் பாராட்டுவேன். விடையைக் கேட்டதும் "அட, இதுவா, தெரிஞ்சதுதானே!" என்று தலையில் அடித்துக்கொள்ள வைக்கும் கேள்விதான் நல்ல கேள்வி. "இப்படி ஒரு வார்த்தை இருக்கா?" என்று பிள்ளை விழித்தால் அந்தக் கேள்வி தோற்றுவிட்டது.

முதலில் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் அது ஓடியிருக்கிறது. அங்கேயும் குடும்பக் குழுதான், கவனியுங்கள்! 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார். நவம்பர் 1-ஆம் தேதி ஆடியவர்கள் 90 பேர். ஜனவரி 2-ஆம் தேதி மூன்று லட்சம் பேர். அடுத்த வாரத்தில் இருபது லட்சம். ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. 2023-இல் மட்டும் 480 கோடித் தடவை ஆடப்பட்டது என்று அந்தப் பத்திரிகையே சொன்னது.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் ஜாட்டோ என்று ஒன்று 1950-களிலேயே காகிதத்தில் இருந்திருக்கிறது. தொலைக்காட்சியில் லிங்கோ என்று இதே மாதிரி ஓடியது. நிறக் குச்சிகளை வைத்து ஆடும் மாஸ்டர்மைண்டும் இந்த ஜாதிதான். நம்மூரில் கரும்பலகையில் கோடு போட்டு எழுத்தை ஒளித்து வைத்து நானே உங்களோடு ஆடியிருக்கிறேன். மழை பெய்து மைதானம் சேறாகிவிட்ட பி.டி. பீரியடுகளை நினைத்துப்பாருங்கள். ஆக, விளையாட்டு பழசுதான்.

அவர் அதை எவ்வளவு கஞ்சத்தனமாகக் கொடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு நாளைக்கு ஒன்று. முடிந்ததும் கதவைச் சாத்திவிடும். எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்தது நாளைக்குத்தான். ஆரம்பத்தில் விளம்பரம் இல்லை, போனில் இறக்கிக்கொள்ள வேண்டிய ஆப்பு இல்லை, மணியடித்துக் கூப்பிடுவது இல்லை. இது தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதர் முன்பு ரெடிட் என்ற இணையதளத்தில் வேலை பார்த்தபோது செய்தவற்றைப் பாருங்கள். 2015-இல் "தி பட்டன்" என்று ஒரு பொத்தானை வைத்தார். ஒருவர் ஒரே ஒரு தடவைதான் அதை அழுத்த முடியும். 2017-இல் "பிளேஸ்" என்று ஒரு பெரிய பொதுப் பலகை. ஒருவர் ஒரு புள்ளி வைத்துவிட்டுச் சில நிமிஷம் காத்திருந்தால்தான் அடுத்த புள்ளி வைக்கலாம். உலகமே கூடி அதில் படம் வரைந்தது. ஒருவருக்குக் கொஞ்சமாகக் கொடு, எல்லாருக்கும் ஒன்றையே கொடு என்பதில் அந்த ஆள் கைதேர்ந்தவர்.

நமக்கு இது புரியாத விஷயமா? தினத்தந்தியில் 1960-லிருந்து கன்னித்தீவு வருகிறது. சிந்துபாத்தும் லைலாவும் அன்றைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று கட்டம்தான். (அதுவும் கட்டம்தான் பாருங்கள்.) டீக்கடையில் அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு அடிபிடி! மொத்தமாகப் புத்தகமாகக் கொடுத்திருந்தால் ஒரே மூச்சில் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருப்போம். வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஐயாவின் "இன்று ஒரு தகவல்" கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிய தலைமுறை நீங்கள். தலைப்பிலேயே "ஒரு" இருக்கிறது. அவரிடம் சொல்ல ஆயிரம் கதை இருந்திருக்கும். அன்றைக்கு ஒன்று சொல்லி, கடைசியில் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஒன்றைத்தான் அன்று முழுக்கப் பள்ளியில், பஸ்ஸில், கிணற்றடியில் பேசினோம். எல்லாரும் அதே ஒன்றைக் கேட்டிருந்ததால்தான் பேச முடிந்தது.

இந்த "அதே ஒன்று" என்பதை லேசாக நினைக்காதீர்கள். 2022 பிப்ரவரியில், விளையாட்டு பத்திரிகைக்குக் கைமாறிய சமயம், ஒரு நாள் சிலருக்கு ஒரு விடையும் பழைய பக்கத்தையே திறந்து வைத்திருந்தவர்களுக்கு வேறு விடையும் வந்துவிட்டது. ஒருவருக்கு "அரோமா", இன்னொருவருக்கு "அகோரா". அன்றைக்கு ஏற்பட்ட கலவரத்தைப் பார்க்க வேண்டுமே! யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனாலும் ஊரெல்லாம் ஒரே சாமி கும்பிடும்போது ஒரு தெருவுக்கு மட்டும் வேறு தேர் வந்தது போல ஆகிவிட்டது. அதற்கு முந்தின மாதம் "ஃபேவர்" என்ற சொல் அமெரிக்க எழுத்துக்கூட்டலில், "யு" இல்லாமல் விடையாக வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் கொதித்தார்கள். அந்த "யு"வை விட்டதற்காக நான் எத்தனை பேருக்குப் பத்துத் தடவை இம்போசிஷன் கொடுத்திருப்பேன்! அன்று நானும் கொஞ்சம் கொதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, தவறுக்குக் கிடைக்கிற மரியாதை. ஆசிரியர் பயிற்சியில் உளவியல் தாளில் தார்ண்டைக்கின் பூனையைப் படிக்காமல் யாரும் வெளியே வர முடியாது. கூண்டுக்குள் பூனை, வெளியே மீன். தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் பிராண்டும், கடிக்கும், குதிக்கும். எப்படியோ ஒரு தடவை திறந்துகொள்ளும். அடுத்தடுத்த தடவை நேரம் குறையும். முயன்று தவறிக் கற்றல் என்று பெயர். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்து பார்த்தால், பிள்ளை முயலலாம், தவறக் கூடாது. தப்பு என்றால் சிவப்பு மையில் ஒரு சுழி, அத்தோடு கதை முடிந்தது. இந்த விளையாட்டில் தப்பாகச் சொன்னால்தான் அடுத்த படி. "இந்த ஐந்து எழுத்தும் இல்லை" என்று மொத்தமாகச் சாம்பல் வந்தால்கூட அது ஒரு செய்தி. படிப்பில் பின்தங்கியவன் என்று பேர் வாங்கிய ஒருவன் இன்று குழுவில் நாலாவது தடவையில் முடித்ததைப் போடுகிறான் என்றால், வழியில் செய்த மூன்று தப்பையும் சேர்த்தேதான் பெருமையாகப் போடுகிறான். இப்படிப்பட்ட விடைத்தாளை நான் பணியில் இருந்தபோது பார்த்ததில்லை.

பரிசு உண்டா என்று என் கொழுந்தனார் கேட்டார். பைசா கிடையாது. பரிசு இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சரித்திரம் இருக்கிறது. குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பரில் நியூயார்க் வோர்ல்டு பத்திரிகையில் பிறந்தது. ஆர்தர் வின் என்ற லிவர்பூல்காரர் செய்தது. 1924-இல் அது புத்தகமாக, கூடவே ஒரு பென்சிலும் கட்டி, அமெரிக்காவில் பித்தாகப் பரவியது. அப்போது இது வீண்வேலை, பாவம் என்கிற அளவுக்கு எழுதித் தள்ளியது நியூயார்க் டைம்ஸ். அதே பத்திரிகை 1942-இல் தானே குறுக்கெழுத்து போட ஆரம்பித்தது. இன்று புதிர்க் கடையே அவர்களுடையதுதான். காலம் செய்கிற வேடிக்கை!

நம் பக்கம் அது வேறு பாதையில் போயிற்று. 1930-களில் வாசன் அவர்கள் ஆனந்த விகடனில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தினார். பத்திரிகையும் வளர்ந்தது. பிறகு நாடு முழுக்கப் பரிசுப் போட்டி நடத்துவதே ஒரு தொழிலாகிவிட்டது. நுழைவுக் கட்டணம் கட்டிக் கூப்பன் நிரப்பி அனுப்ப வேண்டும். ஒரு இடத்தில் இரண்டு சொல் பொருந்தும், எதை அவர்கள் நினைத்தார்கள் என்பது அதிர்ஷ்டம். சம்பளத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. கடைசியில் 1955-இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் என்று ஒன்றே கொண்டுவந்தது. மாதப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1957-இல் சட்டம் நின்றது. ஒரு சொற்புதிருக்குச் சட்டம் போடும் நிலைமை வந்தது புதிராலா, பணத்தாலா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் அந்தத் தூண்டில் இல்லை.

அப்படியானால் ஏன் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும், தானாக ஆடி முடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறீர்கள். இங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன்.

கட்டம் போடும் வழக்கத்தை வார்டில் கண்டுபிடிக்கவில்லை. நியூசிலாந்தில் ஆடியவர்கள் தாங்களாகவே நிறச் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி ட்விட்டரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் 2021 டிசம்பரில் அதற்கென்று ஒரு பொத்தான் வைத்தார். அதற்குப் பிறகுதான் கூட்டம் பெருகியது. மனிதர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. எதற்கு? விடையை உடைக்காமல், "நானும் இன்றைக்கு இந்த வழியாகத்தான் வந்தேன்" என்று சொல்வதற்கு. நியூசிலாந்தில் பொழுது நமக்கு முன்பே விடிந்துவிடுகிறது. ஆக்லாந்தில் இருக்கும் என் தங்கை மகனுக்கு நாங்கள் எழுவதற்கு முன்பே விடை தெரியும். ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. சின்ன வயதில் எந்த ரகசியமும் அவனிடம் தங்காது!

ஒரு செய்தி நினைவிருக்கலாம். 2022 பிப்ரவரியில், சிகாகோ பக்கத்தில் தனியாக வாழ்ந்த 80 வயது அம்மா ஒருவரின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து, அவரைக் கீழ்த்தளக் குளியலறையில் அடைத்து வைத்துவிட்டான். அவர் தினமும் தன் வேர்டில் கணக்கைத் தொலைவில், சியாட்டிலில் இருக்கும் மகளுக்கு அனுப்புகிறவர். அன்று வரவில்லை. மகள்கள் பயந்து போலீசுக்குச் சொன்னார்கள். போலீஸ் போய் மீட்டது. "அம்மா போன் பண்ணலையே" என்று யாரும் அவ்வளவு சீக்கிரம் பயந்திருக்க மாட்டார்கள். வேலையாக இருப்பார் என்று விட்டிருப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் வருகிற சின்னது ஒன்று வராமல் போனால்தான் உறைக்கிறது.

அமெரிக்கா எதற்கு, நம் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ஜாவில் ஒருவன் இருக்கிறான், பெயர் வேண்டாம். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வரி எழுதியதில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட ஒரு கைகூப்பு மட்டும்தான். பள்ளியிலும் அப்படித்தான், வருகைப் பதிவுக்கு "உள்ளேன் டீச்சர்" சொல்வதோடு சரி. ஆனால் தினமும் காலையில் கட்டம் வந்துவிடும். போன வருஷம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை. அபுதாபியில் இருக்கும் இன்னொருவன் அதைக் கவனித்து போன் போட்டு, எடுக்காமல் போகவே நேரில் போய்விட்டான். டைபாய்டு காய்ச்சல். அறையில் கூட இருந்தவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போயிருக்க, தனியாகக் கிடந்திருக்கிறான். இப்போது கட்டத்தை நிறுத்து என்று முதலில் கொடி பிடித்தவன் அந்த அபுதாபிக்காரன்தான் என்பது தனி வேடிக்கை. அவனுக்கு ஷார்ஜாக்காரன் போடுவது உறுத்தவில்லையாம், மற்ற ஏழு பேர் போடுவதுதான் உறுத்துகிறதாம்!

பேச ஒன்றும் இல்லாதவர்கள், பேச வராதவர்கள், பேசினால் அழுதுவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டம்தான் "உள்ளேன் டீச்சர்". ரோஜாப்பூவுக்கு நடுவில் "இனிய காலை வணக்கம்" என்று வருகிற படங்களை நாம் யாரும் தடை செய்யவில்லை. அதை அனுப்புகிறவர் படத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது, அப்படியே தள்ளிவிடுகிறார். கட்டம் போடுகிறவராவது ஐந்து நிமிஷம் தலையைச் சொறிந்துவிட்டு வருகிறார்.

நேரம் வீண் என்ற வாதத்துக்கு நான் அதிகம் பதில் சொல்லப்போவதில்லை. ரீல்ஸ் பார்த்துக்கொண்டே சோற்றை ஆறவிடுகிறவர்கள் அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. மறதி நோய் வராது, மூளைக்கு நல்லது என்று இன்னொரு கட்சி இதற்கு வக்காலத்து வாங்குகிறது. அதையும் நான் ஏற்கவில்லை. வேர்டில் ஆடினால் வேர்டிலில் தேறுவோம், அவ்வளவுதான். மருந்து என்று நினைத்து ஆடாதீர்கள். பிடித்திருந்தால் ஆடுங்கள்.

எனக்குப் பிடிக்காத பகுதியும் இருக்கிறது. இத்தனை நாள் விடாமல் ஜெயித்தாய் என்று ஒரு கணக்கு காட்டுகிறது பாருங்கள், அது. அந்த எண் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்தப் பத்திரிகை கனெக்ஷன்ஸ், ஸ்ட்ராண்ட்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தி விரிக்கிறது. பழைய வேர்டில்களையும் சந்தா கட்டினால் எத்தனை வேண்டுமானாலும் ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். வியாபாரிக்கு அது சரி. ஆனால் எது இதை ருசியாக்கியதோ அதையே கரைக்கிற வேலை அது. தீபாவளி அதிரசம் வருஷம் முழுக்கக் கடையில் கிடைக்கிறது இப்போது. யார் வீட்டில் அதற்காக ஏங்குகிறார்கள்?

இனி, என்னை உண்மையாகவே யோசிக்க வைத்த எதிர்ப்புக்கு வருகிறேன். அது ஓட்டெடுப்பில் சத்தம் போட்டவர்களிடமிருந்து வரவில்லை. உங்களில் ஒருத்தி எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். இன்று இரண்டு பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்க வைக்கிறாள். "டீச்சர், நான் நிறுத்தச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டுருக்கேன், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கட்டம் வர்றப்பல்லாம் நான் எட்டாப்போட நின்னது ஞாபகம் வந்துருது. அது இங்கிலீஷ் தெரிஞ்சவங்க வெளையாட்டு. நம்ம குரூப்புல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க தனி, தெரியாதவங்க தனின்னு காலையில எந்திரிச்சதும் காட்டிக் குடுத்துருது" என்றாள்.

இதற்கு என்னிடம் சமாளிப்பு இல்லை. அவள் சொல்வது நியாயம். குழுவில் 84 பேர் இருக்கிறீர்கள். கட்டம் போடுகிறவர் எட்டுப் பேர். எல்லாருக்கும் ஒன்றே என்பதுதான் இதன் அழகு என்று மேலே இவ்வளவு நேரம் பேசினேன். நம் குழுவில் அது எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. ஆனால் அதற்கு மருந்து ஷார்ஜாக்காரனின் வாயை அடைப்பதும் இல்லை. அதனால் என் ஓட்டு, நிறுத்த வேண்டாம் என்பதற்கு. கூடவே ஒரு யோசனை. தமிழில் நாமும் ஒன்று ஆடுவோம்.

தமிழில் இதே மாதிரி விளையாட்டுகளை இணையத்தில் ஏற்கனவே சிலர் செய்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் தமிழுக்குச் சரிப்படாது. அங்கே 26 எழுத்து. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. ஒரு எழுத்து தப்பு என்றால் அது "இல்லை" என்று மட்டும் சொன்னால் பத்தாது. "டா" இருக்கிற இடத்தில் நீங்கள் "டி" என்று சொல்லியிருந்தால் பாதி சரிதானே? அதற்கு மதிப்பெண் வேண்டாமா? அதனால் எனக்கு நான்கு நிறம் வேண்டும். பச்சை, எழுத்தும் இடமும் சரி. மஞ்சள், எழுத்து உண்டு, இடம் வேறு. நீலம், மெய் சரி, ஆனால் ஏறியிருக்கிற உயிர் வேறு. கறுப்பு, இல்லை.

உதாரணத்துக்கு, ஒளிந்திருக்கிற சொல் "பட்டாசு" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் "கட்டில்" என்கிறார். "க" கறுப்பு, "ட்" பச்சை, "டி" நீலம், "ல்" கறுப்பு. அடுத்தவர் "பாட்டன்" என்கிறார். "பா" நீலம், "ட்" பச்சை, "ட" நீலம், "ன்" கறுப்பு. இப்போது முதல் எழுத்து "ப" வரிசை, மூன்றாவது "ட" வரிசை என்று தெரிந்துபோயிற்று. நம்மூர்க்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்லவும் வேண்டுமா?

இதில் எனக்கு ஒரு சொந்த சந்தோஷமும் இருக்கிறது. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது, வல்லின மெய்யில் சொல் முடியாது, "ட்"டுக்குப் பின்னால் அதே "ட" வரலாம், இல்லாவிட்டால் க, ச, ப-தான் வரும் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னபோது ஜன்னல் வழியாகக் காக்காய் பார்த்தவர்கள் நீங்கள். வெட்கம், காட்சி, நட்பு என்று உதாரணம்கூடச் சொன்னேன். இப்போது அந்த விதி தெரிந்தவர் இரண்டு தடவை முன்னாடியே முடிப்பார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவளும் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனவனும் அதில் ஒரே பெஞ்சுதான். சொல்லப்போனால் ஊரிலேயே இருக்கிறவர்களுக்குச் சொல்வளம் கூடுதல்.

ஆளுக்கு ஆள் தனியாக நிறம் போட்டு அனுப்ப எனக்கு வயசில்லை. அதனால் கரும்பலகையில் ஆடியது மாதிரியே ஆடுவோம். வகுப்பு மொத்தத்துக்கும் சேர்த்து எட்டு வாய்ப்பு. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரே சொல்தான் சொல்லலாம். முதல் நாள் சொன்னவர் மறுநாள் ஒதுங்கி மற்றவருக்கு வழிவிட வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நான் நிறம் போடுவேன். எட்டுக்குள் முடிக்காவிட்டால் நான் ஜெயித்தேன். பரிசு கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்றுதான், "இன்னொண்ணு டீச்சர்" என்று யாரும் கெஞ்சக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. குடும்பக் குழுவுக்கும் அதே சொல், அதே நேரம். மாணவர்கள் முந்துகிறார்களா, சொந்தக்காரர்கள் முந்துகிறார்களா என்று பார்த்துவிடுவோம். ஆக்லாந்து மாப்பிள்ளைக்கு இதில் சலுகை ஒன்றும் கிடையாது.

ஓட்டை ஞாயிறு இரவு பத்து மணிக்குள் போட்டுவிடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் சொல். நாலெழுத்து, வடமொழியும் ஆங்கிலமும் கலக்காதது, எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருப்பது. இதற்கு மேல் துப்பு தரமாட்டேன். முதல் சொல்லைச் சொல்லப்போவது யார் என்று மட்டும் நான் தீர்மானித்துவிட்டேன். எட்டாப்போடு நின்றவளே, ஆறரைக்குப் போனைக் கையில் வைத்திரு.